பின்தாளிற் கண்ட ஓவியம்

அக்குறணையில், கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவீதியை அண்டிய பாடசாலையொன்றிலே தமிழ் கற்பித்து வருகின்றோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பிலே எழுத்திலக்கணம் நடந்துகொண்டிருந்தது. மெய்யெழுத்துப் புள்ளி பெறுவது பற்றிய பாடம். ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் அப்புள்ளியை இடாமலே விட்டனர் என்பதையும், எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்ற அச்சம் அதற்கொரு காரணமாகச் சொல்லப்படுகிறது என்பதையும், இல்லாத புள்ளியை வாசிப்பவனின் கண்ணே இட்டு வாசித்தது என்பதையும் மிக்க உற்சாகத்தோடு விளக்கிக்கொண்டிருந்தோம். மூன்றாம் வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி மட்டும் தலை நிமிரவேயில்லை. அவளுடைய குமிழ்முனைப் பேனை தாளிலே ஓயாது கொத்திக்கொண்டிருந்தது.

அருகிற் சென்று கொப்பியை வாங்கிப் பார்த்தோம். கடைசித் தாள் முழுவதும் கறுப்புப் புள்ளிகள். ஓரிடத்தில் நெருக்கமாக, ஓரிடத்தில் ஐதாக, தூறல் விழுந்த புழுதித் தரைபோலக் கிடந்தன.

“இது என்ன?”

“சும்மா, சேர்.”

பரீட்சைக்கு எத்தனை வாரங்கள் இருக்கின்றன என்று கேட்டோம். இந்தப் புள்ளிகளால் யாருக்கு என்ன பயன் என்றும் கேட்டோம். இந்த இரண்டாவது கேள்வி எமது வாயில் ஆயத்தமாகவே இருந்தது. பேராதனையிலே கற்ற காலத்தில், கலை கலைக்காகவா மக்களுக்காகவா என்று விடுதி அறைகளில் விடியும்வரை வாதிட்டவர் நாம். கைலாசபதியையும் சிவத்தம்பியையும் மேற்கோள் காட்டாமல் வாய் திறக்கத் தெரியாத பருவம் அது. பயனற்ற உருவ விளையாட்டு என்று கண்டால் அதன்மீது ஒரு தீர்ப்பை வீசிவிட்டு அப்பாற் செல்வது எமக்கு வழக்கமாயிருந்தது. அன்று அத்தீர்ப்பு பதினேழு வயதுச் சிறுமி ஒருத்தியின்மீது விழுந்தது. கொப்பியைத் திருத்துவதற்கென்று வாங்கிய ஏனைய கொப்பிகளோடு சேர்த்து எடுத்து வந்துவிட்டோம்.

ஏழாம் கட்டையை அடுத்து, பிங்கா ஓயாவைப் பார்த்தபடி இருக்கும் ஓர் அறையிலே வாடகைக்கு இருந்தோம். இரவு கொப்பிகளைத் திருத்திவிட்டுத் தேநீர் வைக்கச் சென்றோம். கோப்பையோடு திரும்பி வாசற்படியிலே கால் வைத்தபோது, மேசையில் அடுக்கியிருந்த கொப்பிகளின்மேற் சாய்ந்தவாறு அந்தப் பின்தாள் திறந்து கிடந்தது. அதிலே இரண்டு கைகள் இருந்தன.

ஒரு கை கராம்புக் கொத்தைப் பிடித்திருந்தது. மற்றக் கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் மொட்டைக் காம்பிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தன. நக ஓரத்திலே கறை. விரற்கணுக்களின் வீக்கம்கூடத் தெரிந்தது. மணிக்கட்டுக்கு மேலே எதுவுமில்லை. கோடு என்று சொல்லத்தக்க ஒன்றும் அத்தாளில் இல்லை. மேசையை நோக்கி நான்கடி நடந்தோம். கைகள் மறைந்து புழுதித் தரையே எஞ்சியது. மீண்டும் வாசலுக்குச் சென்றோம், கைகள் வந்தன. அன்றிரவு எத்தனை தடவை நடந்தோம் என்பதைச் சொன்னால் வாசகர்கள் நகைப்பர்.

அடுத்த சனிக்கிழமை கண்டிக்குச் சென்று பொது நூலகத்திலே ஓவிய நூல்களைத் தேடினோம். அதுவரை ஓவியம் என்றால் எமக்குத் தெரிந்தவை இரண்டு. ஒன்று, கண்டிக்கு அண்மையிலுள்ள தெகல்தொறுவ விகாரைச் சுவர்கள். மற்றது, கண்டியிலே பிறந்த ஜோர்ஜ் கீற் வரைந்தவை. இரண்டிலும் கோடுதான் ஆட்சி செய்கிறது. கோடு எல்லை வகுக்கும். நிறம் அந்த எல்லைக்குள் அடங்கி நிற்கும். கோடே இல்லாமல் ஒரு கையை வரையலாம் என்பது எமது கல்விக்குள் அடங்காத செய்தி. ஆகவே பிரெஞ்சு ஓவியர் பற்றிய நூலொன்றிலே ஜோர்ஜ் சூராவின் பெயரைக் கண்டபோது, ஒரு மாணவனுக்குரிய வியப்போடுதான் வாசித்தோம்.

சூரா 1859இல் பாரிசிலே பிறந்தவர். 1891இல், முப்பத்தொரு வயதிலே மறைந்தார். எமக்கு இன்றுள்ள வயதை அவர் எட்டவில்லை. வண்ணத்துக்கு வருமுன் சில ஆண்டுகள் கறுப்புத் தீட்டுகோல் கொண்டு சொரசொரப்பான தாளிலே வரைந்து பழகினார். தாளின் மேடுகளிற் கறுப்பு ஒட்டும். பள்ளங்கள் வெள்ளையாகவே நிற்கும். இவ்வாறு தாளே நிழலைச் சிறு துகள்களாக உடைத்துக் கொடுத்தது. எமது மாணவி பேனையாற் செய்ததை அவர் தாளின் சொரசொரப்பாற் செய்தார் எனலாம்.

பின்னர் நிறங்களுக்கும் இதே வழியை நாடினார். நிறப்பொடி ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. இரண்டைக் குழைத்தால் இரண்டும் சேர்ந்து விழுங்கும். மூன்று நான்கு என்று குழைக்கக் குழைக்கச் சேறுதான் மிஞ்சும். ஆகவே குழைக்காமல், தூய நிறங்களைச் சிறு புள்ளிகளாக அருகருகே இடுவது; சேர்க்கும் வேலையைப் பார்ப்பவரின் கண்ணிடமே விட்டுவிடுவது. நீலத்தருகே செம்மஞ்சளும், சிவப்பருகே பச்சையும் நின்றால் ஒன்றையொன்று தூண்டி ஒளிரும் என்பதும் அவர் கணக்கு.

இந்தக் கணக்கின் வேர் ஓவியக் கூடத்தில் இல்லை, நெசவுக் கூடத்தில் இருக்கிறது என்பதுதான் எம்மை நிமிர்ந்து உட்காரச் செய்தது. பாரிசிலுள்ள கோபலின் நெசவுச் சாலையின் சாயப் பகுதிக்கு ஷெவ்ரல் என்ற இரசாயன அறிஞர் பொறுப்பாயிருந்தார். கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்தோடு சேர்த்து நெய்தால் மங்கிப்போகிறது என்று முறைப்பாடு வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார், சாயத்திலே குற்றமில்லை. அருகிலிருந்த நிறமே கறுப்பை மாற்றிக் காட்டியது. நிறங்கள் ஒன்றையொன்று மாற்றும் இயல்பைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1839இலே வெளிவந்தது. அரை நூற்றாண்டு கழித்துச் சூராவும் அவருடைய தோழர்களும் அந்த நெறியைத் தூரிகைக்குக் கொண்டுவந்தனர்.

இதை வாசித்தபோது எமது தாயார் திருநாட்களில் உடுக்கும் மயில்கழுத்து நிறப் புடவை நினைவுக்கு வந்தது. பாவு நீலம், ஊடை பச்சை. எந்த இழையிலும் மயில்கழுத்து நிறம் இல்லை. நடக்கும்போது, மடிப்பு விழும்போது, பார்ப்பவர் கண்ணிலேதான் அந்நிறம் பிறக்கிறது. நம்முடைய நெசவாளர் இதற்கு நூல் எழுதவில்லை. புடவைக்கு ஒரு பெயரிட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். எழுதாதவர்களின் அறிவு அறிவாகக் கணக்கிடப்படாமற் போவது இங்கு மட்டும் நிகழ்வதன்று என்றாலும், அவ்விடத்தில் எமக்குச் சற்றுக் கோபமே வந்தது.

சூராவின் இரு பெரும் ஓவியங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதலாவது, பாரிசின் புறத்தே சேன் நதிக்கரையிலுள்ள அஸ்னியேரில் நீராடுவோரைக் காட்டுவது, 1884இல் முடிக்கப்பட்டது. கரையிலே சட்டை கழற்றிய இளைஞர்கள் அமர்ந்திருக்கின்றனர். நீரிலே சிலர் நிற்கின்றனர். ஓய்வு கிடைத்த உழைப்பாளிகள். அப்பால், கிளிஷி என்னுமிடத்துத் தொழிற்சாலைப் புகைபோக்கிகள். சிவப்புத் தொப்பியணிந்த சிறுவன் ஒருவன் நீரில் நின்று, கைகளைக் குவித்து வாயருகே வைத்து, எதிர்ப்பக்கம் நோக்கிக் கூவுகின்றான். இது இன்னும் முழுமையான புள்ளி ஓவியமன்று. சில இடங்களிற் புள்ளிகளைப் பின்னரே சேர்த்தார்.

இரண்டாவது, அதே நதியில் அதனருகே உள்ள கிராந்த் ஜாத் தீவிலே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். 1884இல் தொடங்கி 1886இல் மக்கள் பார்வைக்கு வந்தது. ஏறத்தாழ ஏழடி உயரம், பத்தடி அகலம். முழுவதும் நுண்ணிய தீற்றல்களும் புள்ளிகளும். இங்கே குடை பிடித்த சீமாட்டிகள், உயர்ந்த தொப்பிக் கனவான்கள், கயிற்றிற் கட்டிய ஒரு குரங்கு. சகலரும் மரப்பாவைகளைப்போல விறைத்து நிற்கின்றனர். ஒருவரை ஒருவர் பார்ப்பவர் மிகச் சிலர். இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அந்தச் சிறுவன் கூவியது இக்கரையை நோக்கித்தானோ என்று தோன்றும். கேட்டதாக யாருடைய முகமும் காட்டவில்லை. எமக்கு முதலாவதே பிடித்தது. உலகம் இரண்டாவதைத்தான் கொண்டாடுகிறது, கொண்டாடட்டும்.

நீராடுவோரைப் பாரிசின் அரச ஆதரவு பெற்ற கண்காட்சி 1884இலே நிராகரித்தது. அவ்வாறு நிராகரிக்கப்பட்டவர்கள் கூடித் தமக்கென்று ஒரு சங்கம் அமைத்தனர். நடுவர் இல்லை, பரிசு இல்லை என்பது அதன் விதி. சூராவின் தோழர் போல் சின்யாக் பிற்காலத்தில் அச்சங்கத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்தார். பாடசாலைச் சித்திரப் போட்டிகளில் நடுவர் நாற்காலியிலே அமர்ந்து, தெரியாத ஒன்றுக்குப் புள்ளி வழங்கிய நாட்களை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டோம். தமிழிலே மதிப்பெண்ணுக்கும் புள்ளி என்றே பெயர்.

நூலகத்திலே இன்னொன்றும் நேர்ந்தது. சூராவின் புள்ளியை அருகிற் காணும் ஆவலில், விஞ்ஞான ஆசிரியரிடம் இரவல் பெற்றிருந்த கைவில்லையை அச்சுப் படத்தின்மீது வைத்தோம். ஒழுங்கான வரிசைகளிலே நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. சிறிது நேரம் மகிழ்ந்தோம். பிறகு அதே புத்தகத்தில் வேறோர் ஓவியர் வரைந்த படத்தின்மீது வைத்தோம். அங்கும் அவையே இருந்தன. நாம் கண்டது சூராவின் புள்ளிகளை அல்ல, அச்சகத்தின் புள்ளிகளை. கைத்தொலைபேசியிலே தேடிப் பெரிதாக்கினாலும் கதை அதுவே. அதன் திரையும் சிவப்பு, பச்சை, நீல ஒளிப்புள்ளிகளால் ஆனது. மூல ஓவியங்களில் ஒன்று இலண்டனிலும் மற்றது சிக்காகோவிலும் இருக்கின்றன. அக்குறணை ஆசிரியனின் சம்பளம் அவ்வளவு தூரம் செல்லாது. புள்ளி ஓவியத்தைப் புள்ளிகளின் ஊடாகவே அறியும் விதி எமக்கு.

புகைப்படத்தைப் புள்ளிகளாகப் பிரித்துப் பத்திரிகையில் அச்சிடும் முறையும் அக்காலத்ததே. 1880 மார்ச் 4ஆம் திகதி நியூயோர்க்கின் டெய்லி கிராபிக் என்னும் பத்திரிகையில் வெளியான படமே இவ்வகையில் முன்னோடியாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுவது. அது எதனுடைய படம் தெரியுமா? அந்நகரத்தின் குடிசைப் பகுதி ஒன்றின் படம்.

இனி, எம்மை உண்மையிலே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய செய்திக்கு வருவோம். இந்தப் புள்ளி ஓவியர்கள் யார்? ஒளியோடு விளையாடிய ஓய்வுக்காரர்கள் என்றே நாம் எண்ணியிருந்தோம். சூரா தமது அரசியலைப் பற்றி அதிகம் பேசியவரல்லர். ஆனால் அவரைச் சூழ நின்றவர்களைப் பாருங்கள். கமீல் பிசாரோ 1885இலே சூராவைச் சந்தித்தபோது பிசாரோவுக்கு வயது ஐம்பத்தைந்து, சூராவுக்கு இருபத்தைந்து. பெயர்பெற்ற மூத்தவர், இளைஞனின் முறையைக் கற்றுக்கொள்ள அமர்ந்தார். படங்கள் விற்பனையாகாமல் வறுமையும் பட்டார். அப்பிள் பறிக்கும் குடியானவப் பெண்களைப் புள்ளிகளால் வரைந்த அதே காலத்திலே, 1889இல், பாரிசின் முதலாளித்துவக் கொடுமைகளைப் பேனையால் இருபத்தெட்டுச் சித்திரங்களாக வரைந்து தமது குடும்பத்துப் பெண்களுக்கு ஒரு தொகுப்பாக அனுப்பினார்.

மக்சிமிலியான் லூஸ் மரச்செதுக்கு அச்சுத் தொழிலாளியாக இருந்து ஓவியரானவர். கட்டடத் தொழிலாளரையும், பெல்ஜியத்தின் சார்லெருவாப் பகுதி உருக்காலைகளின் தீயையும் வரைந்தவர். சிறுவனாக இருந்தபோது பாரிஸ் கொம்யூனின் வீழ்ச்சியைக் கண்டவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர் 1871ஆம் ஆண்டு மே மாதத்துப் பாரிஸ் வீதியையும் அதிலே கிடந்த பிணங்களையும் பெரிய ஓவியமாக்கினார். 1894இல் பிரெஞ்சு ஜனாதிபதி கொல்லப்பட்டதை அடுத்து அரசு அரசின்மைக் கொள்கையினரை வேட்டையாடியபோது லூஸ் மசாஸ் சிறையில் அடைக்கப்பட்டார். இந்த ஓவியர்களுக்கு நவ மனப்பதிவுவாதிகள் என்ற பெயரைச் சூட்டிய விமர்சகர் பெலிக்ஸ் பெனேயோன், போர் அமைச்சிலே எழுதுவினைஞராக இருந்தவர். அவரும் அதே ஆண்டு முப்பதுபேர் வழக்கிலே கூண்டில் நின்று விடுதலையானார். சின்யாக் 1893க்கும் 1895க்குமிடையே, உழைப்பும் ஓய்வும் எல்லோருக்கும் பொதுவான ஒரு வருங்காலக் கடற்கரையை மிகப் பெரிய ஓவியமாக வரைந்தார். அரசின்மையின் காலம் என்பது அவர் முதலில் இட்ட பெயர். அடக்குமுறை காரணமாக இசைவின் காலம் என்று மாற்றினார். இன்று அது பாரிசையடுத்த மொந்திரேய் நகரமன்றத்தில் இருக்கிறது.

இவர்கள் மார்க்சியரல்லர். எமது நண்பர்கள் சிலர் இதைச் சொல்லி உதட்டைப் பிதுக்கக்கூடும். அந்த விவாதம் வேறு இடத்துக்குரியது. எமக்குச் சுட்டது வேறொன்று. 1891இல் அரசின்மைக் கொள்கைப் பத்திரிகை ஒன்றிலே சின்யாக் தம் பெயரை வெளியிடாமல் ஒரு கட்டுரை எழுதினார். கலைப்படைப்பு ஒவ்வொன்றிலும் திட்டவட்டமான சோஷலிசக் கருத்தைத் தேடிக் கோருவது தவறு, புதிய முறையிலே உண்மையாகக் காண முயல்பவனும் பழைய சமுதாயத்தின்மீது மண்வெட்டி போடுகிறவனே என்பது அதன் சாரம். அவர் சொன்னதை முழுவதாக ஏற்க நாம் இன்றும் ஆயத்தமில்லை. ஆளும் வர்க்கத்தின் வரவேற்பறையில் எந்தப் புதிய முறையும் ஐந்து ஆண்டுகளிலே அலங்காரமாகிவிடும். அதற்குச் சான்றுகள் ஏராளம். ஆயினும், ‘யாருக்கு என்ன பயன்’ என்று படத்தைப் பாராமலே கேட்கும் உரிமை எமக்கு எங்கிருந்து வந்தது? படத்திலே உழைக்கும் கையே இருந்ததே! உள்ளடக்கம் இல்லை என்று தீர்ப்பளித்த நாம், உள்ளடக்கம் தெரியும் இடத்திலே நிற்கவில்லை.

முறையைப் பற்றி ஒரு சொல். அது முழு வெற்றி பெற்றது என்று சொல்வதற்கில்லை. ஒளிக்கதிர்கள் சேரும்போது பிரகாசம் கூடும். தாளிலோ துணியிலோ உள்ள நிறப்புள்ளிகள் கண்ணிற் சேரும்போது அவற்றின் சராசரியே கிடைக்கும். மிக நுண்ணிய எதிர் நிறப்புள்ளிகள் தூரத்திலே சாம்பல் பூத்துவிடுகின்றன. சூரா நம்பிப் பூசிய ஒரு மஞ்சளும் காலப்போக்கிற் பழுப்பேறி அவரை ஏமாற்றியது. உணர்வு ஓடும் வேகத்துக்குப் புள்ளி ஓடவில்லை என்று பிசாரோ சில ஆண்டுகளிலே அதைக் கைவிட்டார். சின்யாக் புள்ளியைச் சிறு கட்டிகளாகப் பெருக்கினார். புள்ளி வைப்பதல்ல, நிறத்தைப் பிரிப்பதே தங்கள் கொள்கை என்று 1899இலே ஒரு நூலும் எழுதினார். பொயின்ரிலிசம் என்ற பெயரை அவர் விரும்பவில்லை.

தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் விளங்கும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடவும் எமக்கு மனமில்லை. 2018 மார்ச்சிலே திகனையில் எழுந்த வன்செயல் அக்குறணைவரை பரவிய நாட்களில், இந்த ஊரைத் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் பலர் ஒரே நிறத்தையே கண்டனர். கடைக்காரர், கடையிலே மூட்டை சுமப்பவர், வாடகை கட்ட முடியாதவர், பிங்கா ஓயா பெருகினால் முதலில் நனைபவர் எல்லாரும் அந்த ஒரே நிறத்துள் அடங்கிப்போயினர். எந்தத் தூரத்தில் நிற்பது என்பதை ஓவியர் கற்றுத் தரலாம். ஊரைப் பார்ப்பதற்கு அது போதாது.

திங்கட்கிழமை கொப்பியை மாணவியிடம் திருப்பிக் கொடுத்தோம். வகுப்பு முன்னிலையிலே ஏசியதால் வகுப்பு முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்டோம். அவள் மிரண்டு போனாள். ஏனைய மாணவியர் இது புதுவகைத் தண்டனையோ என்று பார்த்தனர். சூராவைப் பற்றிச் சொன்னோம். அவள் அப்பெயரைக் கேட்டிருக்கவில்லை. பழைய பத்திரிகைப் படமொன்று மழையில் நனைந்து ஊறிப் புள்ளிகள் பெரிதாகத் தெரிந்ததைப் பார்த்துத் தானாகத் தொடங்கினாளாம்.

“வாப்பாவின் கைகளை மிக நன்றாக வரைந்திருக்கிறாய்” என்றோம். தந்தை வாசனைச் சரக்குக் கடையொன்றிலே வேலை செய்கிறார் என்பது எமக்குத் தெரிந்திருந்தது.

“வாப்பாட கை இல்ல, சேர். உம்மாட கை. வாப்பா கடையில மூட்டதான் தூக்குற. கராம்பு கொண்டந்து தருவாங்க, உம்மாதான் ஊட்டில இருந்து கிள்ளுற. நானும் தங்கச்சியும் ராவைக்கி ஒதவி செய்ற.”

உழைப்பைப் பற்றி அத்தனை ஆண்டுகள் பேசியும், கடையில் நின்ற உழைப்பைத்தான் எமக்குத் தெரிந்திருந்தது. வீட்டின் பின்கட்டிலே, கிலோக் கணக்கிற் கூலி பெறும் கை எமது கண்ணில் விழவில்லை. அவள் விரல்களைப் பார்த்தோம். அந்நகங்களின் ஓரத்திலும் அதே கறை.

உம்மாவிடம் இதைக் காட்டினாயா என்று கேட்டோம்.

“இல்ல, சேர். கை கறுப்பாக் கெடக்கு, இதப் போய் வரைஞ்சியாண்டு ஏசுவாங்க.”

அந்தத் தாளைத் தருவாயா என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டோம். பாடவேளையில் பத்து நிமிடங்கள் கழிந்திருந்தன. கொப்பியை வகுப்பறையின் பின்சுவரிலே சாய்த்து வைத்துவிட்டு, மாணவியர் எல்லோரையும் எழுந்து கரும்பலகையருகே வந்து நிற்கும்படி சொன்னோம்.